இப்பத்தான் போச்சு

உறைக்குள் எப்போதும் ஒரே ஒரு தாள்தான் இருக்கும். வீட்டின் விவரம், தரகர் அலுவலகத்தின் முகவரி, யார் முதலில் போவது, எவ்வளவு நேரம் கழித்து அடுத்தவர் போவது. அன்றைய தாளில், 'முதலில் நர்ஸ். நாற்பது நிமிடம் கழித்து மற்றவர்' என்று போட்டிருந்தது.

மற்றவர் என்பது சின்னவள். கடைக்குட்டியாகப் பிறந்ததால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். முப்பத்தோரு வயதாகியும் உரிந்து விழவில்லை. மாலை நேரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்காருவாள். காலையில் இந்த வேலை. ஜோடிச் சோதனை என்று அதற்குப் பெயர். இரண்டு பெண்கள், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரிச் சம்பளச் சான்று, ஒரே மாதிரி உடுப்பு. ஒரே வீட்டை வாடகைக்குக் கேட்டு ஒரே தரகரிடம் தனித்தனியாகப் போவார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். சின்னவள் ஊர்க்காரி. நர்ஸ் அக்கரைக்காரி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டபோது கைக்குழந்தையோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் நர்ஸின் பெற்றோர். அந்தக் கைக்குழந்தை அவள்தான். இங்கேயே வளர்ந்து, இங்கேயே படித்து, அரசு ஆஸ்பத்திரியில் வேலையும் வாங்கிவிட்டாள். ஆனாலும் வார்த்தையின் கடைசியைக் கொஞ்சம் இழுப்பாள். முகமும் நிறமும் மீதியைச் சொல்லிவிடும்.

பதினோரு நாடுகளில் ஒரே முறையில் நடந்துகொண்டிருந்த சோதனை அது. இனப் பாகுபாட்டை ஒழிப்போம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அரசுகள் எல்லாம், 'எங்கள் நாட்டில் அப்படி ஒன்றும் இல்லை' என்று தவறாமல் அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தன. அறிக்கையைப் படித்துப் படித்துச் சலித்துப்போன ஒரு சர்வதேசக் குழு, சரி, நேராக வீடு கேட்டுப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பியிருந்தது. கைப்பையில் பேனா போல ஒரு ரெக்கார்டர் இருக்கும். வெளியே வந்ததும் படிவம் எழுத வேண்டும்: உட்காரச் சொன்னார்களா, எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள், என்ன சொன்னார்கள், வீட்டைக் காட்டினார்களா. எழுதிக் கொடுக்கும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது. வீட்டாருக்கும் சொல்லக் கூடாது. காலையில் எங்கே போகிறாய் என்று, ஞாயிறுதோறும் சாப்பிடப் போகும் அண்ணன் வீட்டில் அண்ணி துருவியபோது, "ஏதோ சர்வே அண்ணி" என்று மழுப்பியிருந்தாள் சின்னவள்.

"எந்த சோப்பு வெளுப்பா துவைக்குதுன்னு கேப்பாங்களே, அந்த சர்வேயா? நம்ம வீட்டுக்கு வந்து கேக்கச் சொல்லு. உங்க அண்ணன் சட்டையைக் காட்டறேன்."

அன்றைக்குக் கொடுத்த முகவரி, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. புதுப் பெயர்ப்பலகை, பெயிண்ட் வாசனை தெருவரைக்கும் வந்தது. நர்ஸ் முன்னால் நடந்து படியேறினாள். சின்னவள் எதிரே பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து, வராத பேருந்துக்குக் காத்திருப்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். பதினைந்தாவது வீடு இது. கொஞ்சம் கொட்டாவிகூட வந்தது.

கண்ணாடிக் கடை வாசலை மறைத்துக்கொண்டு நின்ற தண்ணீர் லாரி ஐந்தாறு நிமிடத்தில் நகர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர். சீட்டின் கிழிசலில் நீல டேப் ஒட்டியிருந்தது. அந்த டேப்பைப் போன மாதம் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தவளே சின்னவள்தான்.

அண்ணனுடைய ஸ்கூட்டர். 'ஆபீஸ் மாத்தறோம், புதுப் பார்ட்னர், புதுப் பேரு' என்று அண்ணன் சாப்பிடும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை. அண்ணனும் ஒரு வீட்டுத் தரகர்தான். பதினெட்டு வருடமாக இதே தொழில்.

ஓடிப்போய் நர்ஸைத் தடுத்தால் சோதனை கெட்டுவிடும். உட்கார்ந்திருந்தால் அண்ணன் கெட்டான். ஒருவேளை வீட்டைக் கொடுத்துவிடுவானோ? கொடுத்துவிடு அண்ணா, தயவுசெய்து கொடுத்துவிடு என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே இரண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் மின்விசிறியின் நிழல் மட்டும் சுற்றியது.

பதினான்கு நிமிடம் கழித்து நர்ஸ் இறங்கி வந்தாள். கையில் தரகரின் அட்டை. விதிப்படி சின்னவளைப் பார்க்காமலே கடந்து போனாள். வழக்கமாக அந்த இடத்தில் தோள் பையை ஒரு தரம் மாற்றிப் போட்டுக்கொள்வாள். அன்றைக்கு அதுவும் செய்யவில்லை. தலை குனிந்து, எதையோ தொலைத்துவிட்டு வருகிறவள் போல நடந்தாள்.

சின்னவள் கைப்பேசியை எடுத்தாள். திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளை எல்லோரும் மேடம் என்பார்கள். வருடம் முழுக்க ஜலதோஷம், கையில் எப்போதும் கைக்குட்டை.

"மேடம், நான் உள்ள போக முடியாது."

"யாரு? தெரிஞ்சவங்களா?"

"கூடப் பொறந்தவர்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எழுந்திரு. பஸ் எது வந்தாலும் ஏறு. மேல பார்க்காத. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அன்று மதியமே மாற்றாளாக ஒரு பள்ளிக்கூட டீச்சரை அனுப்பினார்கள். ஊர்க்காரி. வீடு அப்படியே இருந்தது. அண்ணனே சாவியை எடுத்துக்கொண்டு கூட வந்து, குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைக் காட்டி, "நாளைக்கே குடி வந்துடலாம் டீச்சர்" என்று சொல்லியிருந்தான். படிவத்தில் எல்லாம் வரி வரியாக ஏறியது.

திட்ட அலுவலகம் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போது படிக்கட்டுக் கைப்பிடி அதிரும். படிவத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிய நர்ஸ், அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவளிடம் வந்தாள். இனிப் பேசலாம்.

"உங்க அண்ணனாமே. மேடம் சொன்னாங்க."

சின்னவள் தலையாட்டினாள்.

"நல்ல மனுஷன்." நர்ஸின் குரலில் கிண்டல் இல்லை. "படியேறி எனக்கு மூச்சு வாங்குதுன்னு ஃபேனை என் பக்கம் திருப்பி வெச்சாரு. டீ சொன்னாரு. முட்டி வலிக்கு என்ன பண்ணலாம்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. எல்லாம் முடிஞ்சு, 'அடடா, அந்த வீடு இப்பத்தான் போச்சும்மா. பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா'ன்னாரு."

"மன்னிச்சிடுங்க."

"இருங்க, சொல்லி முடிச்சிடறேன். இதுவரைக்கும் ஆறு இடத்துல 'உங்க ஆளுங்களுக்கு வீடு கிடையாது'ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்காங்க. அதை எழுதிக் குடுத்துட்டுத் தூங்கிடுவேன். அது அவங்க அசிங்கம். இப்பத்தான் போச்சுன்னு மத்தவங்க சொல்றப்போ முகத்தைப் பார்த்தாலே பொய்னு தெரிஞ்சிடும். ஆனா இவர் சொன்னதை நான் நம்பிட்டேன். படி இறங்கறப்போ, சே, முந்தின பஸ்ஸைப் புடிச்சிருந்தா கெடைச்சிருக்குமேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். சோதனைக்குத்தான் வந்தோம்கிறதே மறந்துபோச்சு." அவள் மூக்கின் மேல் விரலை வைத்து ஒரு நொடி அழுத்திக்கொண்டாள். "ஹாஸ்டல் ரூமுல நாங்க மூணு பேர். அம்மாவைக் கூட்டிட்டு வரணும். அந்த வீட்டுல சமையல் ரூமுக்கு ஜன்னல் இருக்குன்னு போட்டிருந்தாங்க."

சின்னவளுக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது. கீழே இயந்திரம் ஓடத் தொடங்கவும், அதைச் சாக்காக வைத்து விழுங்கிவிட்டாள்.

அவள் விழுங்கியது இதுதான். இருபத்திரண்டு வயதில், வேறு வேலை கிடைக்கும்வரை என்று அண்ணனின் பழைய அலுவலகத்தில் ஒன்றரை வருடம் போன் எடுத்தாள். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது, வீட்டு ஒத்தாசை. அப்போதெல்லாம் அண்ணன் பட்டென்று பேசுவான்: 'அக்கரைக்காரங்களுக்குக் குடுக்க மாட்டாங்க, போங்க.' ஒருநாள் ஒரு கர்ப்பிணி அதைக் கேட்டுவிட்டு அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்று சின்னவள்தான் அண்ணனோடு சண்டை போட்டாள். 'மனசு நோகற மாதிரி பேசாத அண்ணா. வீடு இப்பத்தான் போச்சுன்னு சொல்லேன். யாருக்கும் வலிக்காது.' அண்ணனுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு போனில் அக்கரைக் குரலைக் கேட்ட உடனே, நோட்டில் அவர்கள் பேருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இருந்தால் வீடு போய்விட்டது.

இந்த வேலைக்கு எழுதிப் போட்டபோது, 'வீட்டுத் தரகுத் தொழிலில் வேலை செய்ததுண்டா' என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினாள். சம்பளம் வாங்காத வேலை வேலையாகுமா என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள்.

நர்ஸின் படிவமும் டீச்சரின் படிவமும் மேடம் வழியாக, பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆணையத்துக்குப் போயின. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூன்று வாரமும் அண்ணன் வீட்டுப் பக்கம் போகாமல், பல் மருத்துவமனையில் வேலை அதிகம் என்று கதை விட்டாள். இருபத்திரண்டாம் நாள் காலை அண்ணியின் போன் வந்தது.

"உடனே ஆபீசுக்குப் போ. ஏதோ ஆணையத்துல இருந்து நோட்டீஸ் வந்திருக்காம். உங்க அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிட்டு இருக்காரு. அந்த டைப்பிஸ்ட் பொண்ணைப் போட்டு வறுத்தெடுக்கறாராம். பி.பி. மாத்திரைகூடப் போடாம போயிட்டாரு."

அவள் படியேறும்போதே அண்ணனின் குரல் கேட்டது.

"நான் குடுத்த சம்பளத்துல சாப்பிட்டுட்டு எனக்கே குழி வெட்டுவியா? என் ஆபீஸ்ல நான் பேசினது வார்த்தைக்கு வார்த்தை எப்படி அவங்க பேப்பர்ல இருக்கு? நீ சொல்லாம வேற யாரு சொன்னா?"

டைப்பிஸ்ட் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஒரு ஜோடி மாற்றுச் செருப்பு. இருபத்தைந்து வயது இருக்கும். அவள் அம்மா அக்கரைப் பெண். அது தெரிந்தேதான் அண்ணன் அவளை வேலைக்கு வைத்திருந்தான்.

"சார், சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்."

"உன் அம்மா ஆளுங்களுக்காகப் பண்ணியிருக்க. எனக்குத் தெரியும்."

"அண்ணா, நிறுத்து," என்றாள் சின்னவள். "அவ இல்ல."

அண்ணன் திரும்பினான். முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்திருந்தது. "நீ ஏன் வந்த? உங்க அண்ணி அனுப்பினாளா? நான் மாத்திரை போட்டுக்கறேன், நீ கெளம்பு."

"அவ இல்லைங்கறேன். நான்தான்."

அண்ணன் சிரித்தான். தங்கை ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்த சிரிப்பு அது.

"சர்வேன்னு அண்ணிகிட்ட சொன்னேனே, அது இதுதான். அந்த நர்ஸ் மேல வந்தப்போ நான் கீழ பஸ் ஸ்டாப்புல இருந்தேன். உன் ஸ்கூட்டரைப் பார்த்ததும் எழுந்து போயிட்டேன். அப்புறம் வந்தாங்களே ஒரு டீச்சர், எனக்குப் பதிலா வந்தவங்க."

சிரிப்பு போக வேண்டிய இடம் தெரியாமல் அண்ணனின் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான்.

"மூணு வாரம்," என்றான். "மூணு வாரமா தெரியும் உனக்கு."

"சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்போ சொன்னதே தப்பு."

"கையெழுத்தா? ஒரே வயித்துல பொறந்தவன்கிட்ட கையெழுத்து பத்திப் பேசுறா பாரு!" மேசையைத் தட்டினான். கண்ணாடித் தம்ளர் எகிறி விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை. "நான் யாரை அடிச்சேன்? யாரைத் திட்டினேன்? ஓனர் குடுக்காதேங்கறான். மீறிக் குடுத்தா நாளைக்கு அவன் வேற புரோக்கரைப் பார்த்துப் போயிடுவான். எய்தவன் இருக்க அம்பை நோகறாங்க. அந்த அம்மாவுக்கு டீகூட வாங்கிக் குடுத்தேன்!"

"அந்த டீதான் அவளுக்குத் தாங்கல."

"என்ன?"

"நீ மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருந்தா உன்மேல கோவப்பட்டிருப்பா. நீ சொன்ன விதத்துல தன்மேலயே கோவப்பட்டுட்டா. அந்த வார்த்தையை உனக்குச் சொல்லிக் குடுத்தது நான், அண்ணா. யாருக்கும் வலிக்காதுன்னு சொன்னேன்."

அண்ணனே குனிந்து தம்ளரை எடுத்து மேசையில் வைத்தான். குரல் தணிந்திருந்தது. "நீ எனக்குச் சொல்லிக் குடுத்த. நான் பார்ட்னருக்குச் சொன்னேன். அவன் நாலு பேருக்குச் சொன்னான். இப்போ ஊர்ல பாதி புரோக்கர் அதைத்தான் சொல்றான்."

சின்னவள் சுவரில் சாய்ந்து நின்றாள். பதினைந்து வீடு அலைந்து அவளும் நர்ஸும் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பதில், பாதிக்கு மேல் அவளே விதைத்தது.

அண்ணன் டைப்பிஸ்டைப் பார்த்து, "நீ உக்காரும்மா. எல்லாத்தையும் உள்ள வை," என்றான். பிறகு தங்கையைப் பார்க்காமல், "நீ போ," என்றான்.

விசாரணைக்கு ஒரு நீள மேசை போட்டிருந்தார்கள். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி, இருபுறமும் ஆணைய உறுப்பினர்கள் இருவர். ஓரத்தில் சர்வதேசக் குழுவிலிருந்து வந்திருந்த வெளிநாட்டுப் பெண்மணி. அவர் காதருகே குனிந்து ஒருவர் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். அந்த முணுமுணுப்பு, பேசுகிறவர்களின் குரலுக்கு அடியில் விடாமல் ஓடியது. மேடம் கைக்குட்டையோடு ஒரு மூலையில். நர்ஸ் ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே வந்திருந்தாள், மதியம் அவளுக்கு ஷிஃப்ட். சின்னவள் அவளுக்குப் பின்வரிசையில்.

வீட்டின் ஓனர் முதலில் பேசினார். நரைத்த தலை, மெல்லிய பிரேம் போட்ட கண்ணாடி, வெண்ணெய் மாதிரிக் குரல்.

"எனக்கு எல்லாரும் ஒண்ணுதாங்க. சாவியை இவர்கிட்ட குடுத்துட்டா என் வேலை முடிஞ்சது. இவர் யாரைக் கூட்டிட்டு வராரு, யாரைத் திருப்பி அனுப்பறாருன்னு எனக்கெப்படிங்க தெரியும்? இப்படி ஒரு காரியம் பண்ணுவாருன்னு நினைக்கவேயில்ல."

அண்ணனின் காது மடல் சிவந்தது. "எட்டு வருஷமா இவர்தாங்க சொல்லிட்டு இருக்காரு. அக்கரைக்காரங்க வேண்டாம், வேண்டாம்னு."

"எப்போ சொன்னேன்? யார்கிட்ட சொன்னேன்?" ஓனர் கைகளை விரித்தார்.

நீதிபதி பேனாவை வைத்தார். "எழுத்துல ஏதாவது இருக்கா? கடிதம், குறிப்பு, பழைய பதிவேடு, எதுவானாலும் சரி."

அண்ணனின் மடியில் தோல் பை இருந்தது. வாய் சரியாக மூடாத பை. அதற்குள் பச்சை அட்டை போட்ட நீள நோட்டின் முனையைச் சின்னவள் பார்த்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அவள் போன் எடுத்த காலத்து நோட்டு. அதன் நடுப்பக்கம் ஒன்றில், தேதி போட்டு, இதே ஓனர் போனில் சொன்னதை அவள் எழுதி வைத்திருக்கிறாள்: 'அக்கரையாட்கள் கூடவே கூடாது. என் பெயர் வெளியே வராமல் நாசூக்காக அனுப்பிவிடவும்.' அந்த ஒரு வரி அண்ணனின் பாரத்தைப் பாதியாக்கிவிடும். அதற்காகத்தான் கொண்டு வந்திருக்கிறான். ஆனால் அந்த வரிக்கு மேலும் கீழும், பக்கம் பக்கமாக, அவள் கையால் வைத்த புள்ளிகள்.

அண்ணன் பையின் மேல் கையை வைத்தான். திரும்பி, பின்வரிசையில் இருந்த தங்கையைப் பார்த்தான். அலுவலகத்தில் 'நீ போ' என்று சொன்ன நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கிறான். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்.

"ஒண்ணும் இல்லீங்க," என்றான்.

ஓனர் சாய்ந்து உட்கார்ந்தார். நீதிபதி பேனாவை எடுத்தார்.

சின்னவள் பேசாமல் இருந்தால் போதும். அண்ணன் தலையில் எல்லாம் விடியும். அவனே மனமொப்பி ஏற்றுக்கொண்டான். அவள் மேல் ஒரு தூசும் படியாது. முன்வரிசையில் நர்ஸின் பின்னங்கழுத்து தெரிந்தது. சீருடைக் காலரின் உள்பக்கம் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

"இருக்குங்க. அவர் பைக்குள்ள இருக்கு."

"நீங்க யாரு? சாட்சியா?"

"சின்னவளே, வாயை மூடிட்டு உக்காரு!" அண்ணனின் குரல் ஒலிவாங்கியில் அறை முழுக்க முழங்கியது. மொழிபெயர்ப்பாளர் திணறி நின்றார். வெளிநாட்டுப் பெண்மணி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் இவரோட தங்கச்சி. அந்த நோட்டு என் கையெழுத்து. இந்த ஓனர் சொன்னதை அன்னைக்கு போன்ல கேட்டு எழுதினது நான்."

நோட்டு மேசைக்குப் போனது. நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"பேருக்குப் பக்கத்துல புள்ளி புள்ளியா இருக்கே, இது என்ன?"

"அவங்களுக்கு வீடு இல்லைன்னு அர்த்தங்க."

"யார் வெச்சது?"

"நான்தான். குரலைக் கேட்டு வெப்பேன்."

"இவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

சொன்னாள். அப்போது நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் மேடம்தான் முதலில் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது, ஜலதோஷத்தால் மட்டுமல்ல. "விண்ணப்பத்துல பொய் எழுதியிருக்க. அப்போ நீ போன பதினாலு வீடும் செல்லாது. தூக்கிப் போடணும். பதினோரு நாட்டு அறிக்கையில நம்ம ஊர்க் கணக்குதான் ஒல்லியா நிக்கப் போகுது. 'பார்த்தீங்களா, ஆதாரமே இல்ல'ன்னு அமைச்சகம் கையைத் தட்டும்." கைக்குட்டையை மடித்தாள். "இன்னைக்கு எழுந்து நின்னது சரி. ஆனா அது இதுக்கு ஈடு ஆகாது. நாளையிலிருந்து வராத."

நர்ஸ் ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டதால் வேகமாக வந்தவள், அவளருகே நின்றாள்.

"பதினாலு வீடு. ஒவ்வொண்ணும் நான் படியேறி இறங்கினது."

"தெரியும்."

"அன்னைக்கு அச்சாபீஸ் படியிலயே சொல்லியிருக்கலாம்."

"சொல்ல வந்தேன். பயமா இருந்துச்சு."

"யாருக்குத்தான் பயம் இல்ல?" என்றாள் நர்ஸ். அவ்வளவுதான். ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. ஓனரும் தரகரும் இருவருமே குற்றவாளிகள். நர்ஸுக்கு விருப்பமிருந்தால் அதே வீட்டை, மற்றவர்களுக்குக் கேட்ட அதே வாடகைக்குக் கொடுக்க வேண்டும். அண்ணனின் அலுவலகத்துக்கு மூன்று மாதத் தடை. இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். நோட்டுகளில் பேருக்குப் பக்கத்தில் புள்ளி விழுந்த ஒவ்வொருவரையும், முடிந்தவரை, கண்டுபிடித்து அழைத்து, அன்றைக்கு வீடு காலியாகத்தான் இருந்தது என்று தரகர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

நர்ஸ் வீட்டை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று தூக்கி எறிவாள் என்று ஓனர் எதிர்பார்த்திருப்பார் போலும். "வீம்புக்கு எல்லாம் நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எங்கம்மாவுக்கு ஜன்னல் வேணும்," என்று மேடத்திடம் சொன்னாளாம். இதெல்லாம் சின்னவளுக்கு டைப்பிஸ்ட் சொல்லித்தான் தெரியும். நர்ஸ் அவளை அழைக்கவில்லை. அவளும் அழைக்கத் துணியவில்லை.

அண்ணன் அழைத்தான். தீர்ப்பு வந்த எட்டாவது நாள். பேச்சில் ஒரு சொல் மிகுதி இல்லை.

"பச்சை நோட்டுல உன் கையெழுத்து பாதி எனக்குப் புரியல. வா."

அலுவலகத்தின் பெயர்ப்பலகை மேல் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே அண்ணனும் டைப்பிஸ்ட்டும். நோட்டுகள் ஐந்து. டைப்பிஸ்ட் எண்களைப் படிக்க, சின்னவள் போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள். முதல் நாள் அண்ணனால் பேச முடியவில்லை. இரண்டு தரம் முயன்று, இரண்டு தரமும் 'ஹலோ'வுக்கு மேல் போகாமல் வைத்துவிட்டான். பெரும்பாலான எண்கள் செத்துப்போயிருந்தன. கிடைத்தவர்களில் சிலர் பாதியிலேயே துண்டித்தார்கள். ஒரு பெண், சின்னவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, நிதானமாக, தெரிந்த கெட்ட வார்த்தை ஒன்றையும் மிச்சம் வைக்காமல் திட்டி முடித்துவிட்டு வைத்தாள். டைப்பிஸ்ட் தலை குனிந்துகொண்டாள். ஒருவர் சிரித்தார். "இதுகூடத் தெரியாதா எங்களுக்கு?" என்றார்.

மூன்றாவது நாள் மதியம் ஓர் ஆள் கிடைத்தார். பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம். சின்னவள் சொன்னாள்: எட்டு வருடத்துக்கு முன் நீங்கள் கேட்ட வீடு அன்றைக்குப் போகவில்லை, காலியாகத்தான் இருந்தது, நீங்கள் அக்கரைக்காரர் என்பதால் பொய் சொன்னோம், சொன்னது நான்தான்.

கத்தரிக்கோலை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"வீடு காலியாவா இருந்துச்சு?" என்றார் அந்த மனிதர்.

"ஆமாங்க."

"நான் லேட்டா வந்ததால இல்ல?"

"இல்லீங்க. நீங்க எப்போ வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்."

"கொஞ்சம் லைன்ல இருங்க. என் சம்சாரத்தைக் கூப்பிடறேன். நான் சொன்னா நம்ப மாட்டா." இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரையோ கூப்பிடும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம். "இப்போ சொல்லுங்க. முதல்ல இருந்து சொல்லுங்க. அன்னைக்கு வழியில ஷேவ் பண்ண நின்னுட்டேன். அதனாலதான் வீடு போச்சுன்னு இத்தனை வருஷமா என்னைக் குத்திக் காட்டிட்டு இருக்கா."

சின்னவள் முதலிலிருந்து சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண், "ஐயோ" என்று மட்டும் சொன்னாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு அவர்களாகவே வைத்துவிட்டார்கள்.

டைப்பிஸ்ட் அடுத்த எண்ணைப் படித்தாள். சின்னவள் அழுத்துவதற்குள் அண்ணன் கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முட்டி வலிக்க எழுந்து, ஜன்னலோரம் போய் நின்றான். மணி வெகுநேரம் அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"வணக்கங்க," என்றான் அண்ணன். "நான் வீட்டு புரோக்கர் பேசறேன். வெச்சுடாதீங்க."